கூலி வேண்டாத மேஸ்திரி

ஏரிக்கு மேற்கே ஒரு புல்திடல் இருந்தது. அது கருங்கொம்பன் என்ற வெளிமானின் திடல்.

கருங்கொம்பனுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. முறுக்கிவிட்ட கயிறு மாதிரி இரண்டு கொம்புகள். மழைக்காலம் முடிந்ததும் பெண்மான்கள் கூட்டமாக அந்தப் பக்கம் வரும். எந்த ஆண்மானின் திடல் பிடிக்கிறதோ அங்கே தங்கும். அங்கேயே குட்டி போடும். பிடிக்கவில்லை என்றால் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த திடலுக்குப் போய்விடும்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. புல் முழங்காலுக்கு மேல் நின்றது. இடையிடையே கருவேலங்கன்றுகள் முளைத்திருந்தன. ஏரி வழிந்தபோது ஒதுக்கிவிட்டுப் போன பனையோலையும் பனங்கொட்டையும் செத்த மீனும் திடல் முழுக்கக் கிடந்தன.

"சீ! இதற்குள் எந்தப் பெண்மான் காலை வைக்கும்?" என்று கருங்கொம்பன் தரையை உதைத்தது. உடனே முயல்களுக்குச் சொல்லி அனுப்பியது.

திடலின் ஓரத்தில் இருந்த முட்புதர்களில் ஒரு முயல் கூட்டம் குடியிருந்தது. வருஷா வருஷம் திடலைச் செதுக்கிக் கொடுப்பது அந்த முயல்கள்தான். அவற்றுக்குத் தலைவி நெடுஞ்செவி. வேலையிலும் கெட்டி, வாயிலும் கெட்டி.

முயல்கள் வந்ததும் புல்லில் வாய் வைத்துவிடாது. முதலில் திடலைச் சுற்றிவரும். "வேலை தொடங்கப் போகிறோம்! குடியிருப்பவர்கள் குரல் கொடுங்கள்!" என்று கத்திக்கொண்டே போகும். வானம்பாடி குரல் கொடுக்கும். கௌதாரி குரல் கொடுக்கும். ஓணான் தலையை ஆட்டும். அந்தந்த இடத்தில் ஒரு கொத்துப் புல்லை விட்டுவிட்டு மற்றதைத்தான் முயல்கள் செதுக்கும்.

கூலியும் முன்பே பேசி வைத்ததுதான். செதுக்கிய புல் முயல்களுக்கு. அது போக, வேலை முடியும் வரை கருங்கொம்பன் தலையைத் தூக்கி நின்று காவல் பார்க்க வேண்டும். குனிந்து வேலை செய்கிறவர்கள் மேல் நரி வந்து விழக் கூடாது, இல்லையா?

கருங்கொம்பனுக்கு இந்தக் கொத்துப் புல்லும் பிடிக்காது, காவலும் பிடிக்காது.

"போன வருஷம் நீங்கள் செதுக்கிய லட்சணத்தைப் பார்த்தேனே! அங்கே ஒரு கொத்து, இங்கே ஒரு கொத்து. மொட்டைத் தலையில் பத்துக் குடுமி வைத்த மாதிரி! பெண்மான்கள் சிரித்தன!"

"சிரித்துவிட்டு இங்கேதானே தங்கின, அண்ணாச்சி?" என்றது நெடுஞ்செவி.

"அப்புறம் இந்தக் காவல்! நான் திடலுக்கு முதலாளியா, உங்களுக்கு வாட்ச்மேனா? நாள் முழுக்க நின்று கழுத்து வலிக்கிறது."

"உங்களுக்குக் கழுத்து வலிதான், அண்ணாச்சி. நரி பிடித்தால் எங்களுக்குக் கழுத்தே இருக்காது!"

புதருக்குள் குட்டி முயல்கள் களுக்கென்று சிரித்தன. கருங்கொம்பனின் முகம் கடுத்தது.

அந்த நேரம் பார்த்து நரி வந்தது. முயல்கள் பாய்ந்து புதருக்குள் புகுந்தன. நரி அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. தள்ளி நின்று, வாலைக் காலுக்கிடையில் மடக்கிக்கொண்டு, பணிவாகப் பேசியது.

"கும்பிடுகிறேன், அண்ணாச்சி. நான் இப்போது பழைய நரி இல்லை. மேஸ்திரி வேலை பார்க்கிறேன். மலைக்கு அந்தப் பக்கமிருந்து பன்றிகளை இறக்கியிருக்கிறேன். என்ன உழைப்பு, என்ன உழைப்பு! புல்லை வேரோடு பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். குடுமி கிடுமி எதுவும் கிடையாது. உள்ளங்கை மாதிரி திடல்!"

"கூலி?" என்றது கருங்கொம்பன்.

"உங்களிடமா? சேச்சே! நமக்குள் என்ன கூலி? பன்றிகளுக்குக் கிழங்கு கிடைத்தால் போதும். எனக்கு ஒன்றும் வேண்டாம். தரையில் கிடக்கிற குப்பை செத்தையை நானே அள்ளிக்கொண்டு போகிறேன். வருஷம் முழுக்க அப்படியே பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் காவல் நிற்க வேண்டாம். கழுத்தைத் தூக்கவே வேண்டாம்."

"எது குப்பை என்று யார் சொல்வது?" என்று புதருக்குள்ளிருந்து நெடுஞ்செவி கத்தியது.

நரி சிரித்தது. "அள்ளுகிறவனுக்குத் தெரியாதா, தாயி?"

கருங்கொம்பன் யோசிப்பதுபோல் நின்றது. உண்மையில் அது எப்போதோ முடிவு செய்துவிட்டது.

"சரி, மேஸ்திரி. தரையில் கிடப்பது எல்லாம் உன்னுடையது. நாளைக்கே ஆரம்பி." பிறகு புதரைப் பார்த்துச் சொன்னது: "நீங்கள் கிளம்பலாம். பக்கத்தில் இருக்கிறவர்களை வேலைக்கு வைத்தால் இதுதான் தொல்லை. வேலை கொஞ்சம், பேச்சு நிறைய. புதரையும் காலி பண்ணுங்கள். அதையும் பிடுங்கப் போகிறோம்."

"அண்ணாச்சி! நரிக்குத் திடலைக் கொடுக்கிறீர்கள்! நரிக்கு!"

"வாயை மூடு!" கருங்கொம்பன் கொம்பைத் தாழ்த்தியது. முயல்கள் குட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏரிக்கரை மேட்டுக்கு ஓடின.

திடலின் நடுவில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒரு ஆட்காட்டிப் பறவை கேட்டுக்கொண்டிருந்தது. அதன் பெயர் செம்மூக்கி. அந்நியர் யார் வந்தாலும் வானத்தில் சுற்றிச் சுற்றிக் கத்தி, ஊரையே எழுப்பிவிடும் பறவை அது. நரியைக் கண்டதும் கத்தத்தான் எழுந்தது. ஆனால் கருங்கொம்பனே நரியோடு நின்று பேசுவதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. 'திடல்காரருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகிறது?' என்று நினைத்துக்கொண்டது. முயல்களுக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை.

செம்மூக்கிக்கு வேறு கவலை இருந்தது. அதன் வயிற்றுக்கடியில் நான்கு முட்டைகள் இருந்தன. கூடு என்று ஒன்றும் இல்லை. தரையில் சின்னப் பள்ளம், சுற்றிலும் கூழாங்கல், அவ்வளவுதான். முட்டையிட்ட சில நாளிலேயே துணைப் பறவையைப் பருந்து தூக்கிப் போய்விட்டது. இப்போது அடைகாப்பதும் செம்மூக்கிதான், காவலும் செம்மூக்கிதான். உச்சி வெயிலில் முட்டைகள் வெந்துவிடாமல் இருக்க, ஏரிக்குப் பறந்து போய் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து அவற்றின் மேல் உட்காருவதும் அதுதான்.

குஞ்சு பொரிக்கும் நேரம் நெருங்கிவிட்டது. ஓட்டுக்குள் கீச்சுக் குரல் கேட்கத் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலையில் பன்றிகள் இறங்கின. தலையைக் குனிந்தால் நிமிராத கூட்டம். மூக்கால் மண்ணைக் கிளறி, புல்லை வேரோடு புரட்டிக்கொண்டே வந்தது. நரி பின்னாலேயே வந்தது. பனையோலையையும் பனங்கொட்டையையும் தாண்டித் தாண்டிப் போனது. செத்த மீனைத் தின்றது. வானம்பாடியின் கூட்டுக்கு வந்ததும் இரண்டு முறை நாக்கைச் சுழற்றியது. கூடு காலியாகிவிட்டது.

செம்மூக்கி அலறிக்கொண்டு கருங்கொம்பனிடம் ஓடியது.

"அண்ணாச்சி! நடுத் திடலில் என் முட்டைகள் இருக்கின்றன. நரியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்!"

"உன்னை யார் தரையில் முட்டை போடச் சொன்னது? ஊரில் மரமா இல்லை?"

"கிளையைப் பிடிக்கிற கால் எங்களுக்கு இல்லை, அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாதா? எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன்!"

"எல்லாம் சரி. இலவசமாக வேலை செய்கிறவனிடம் போய் இதைச் செய், அதைச் செய்யாதே என்று எந்த முகத்தோடு சொல்வது? கோபித்துக்கொண்டு பாதியில் போட்டுவிட்டுப் போனால்? பெண்மான்கள் நாளைக்கு வருகின்றன!"

செம்மூக்கி கரை மேட்டுக்குப் பறந்தது. "மதினி! நெடுஞ்செவி மதினி! நீங்கள் வந்து அவரிடம் பேசுங்கள்!"

நெடுஞ்செவி எழுந்திருக்கவில்லை. "நேற்று எங்களைத் துரத்தியபோது நீ எங்கே இருந்தாய்?"

"அங்கேதான் இருந்தேன், மதினி."

"கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்?"

"கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்."

"ஒரு பாம்பு நெளிந்தால் ஊரைக் கூட்டுகிற வாய், எங்களுக்காகத் திறக்கவில்லை! இப்போது மட்டும் மதினியா?"

செம்மூக்கி தலையைத் தொங்கப்போட்டு நின்றது. நெடுஞ்செவி அதை முறைத்தது. பிறகு, "முட்டை என்ன பாவம் செய்தது? நட!" என்று சொல்லிவிட்டு முன்னால் ஓடியது.

இரண்டும் கருங்கொம்பன் முன்னால் போய் நின்றன.

"அண்ணாச்சி, எங்களை வேலைக்கு வைக்க வேண்டாம். புதரும் வேண்டாம். இந்த நான்கு முட்டையை மட்டும் விடச் சொல்லுங்கள். திடல் உங்களுடையதா, நரியுடையதா?" என்று கேட்டது நெடுஞ்செவி.

அந்தக் கேள்வி கருங்கொம்பனுக்குச் சுருக்கென்று தைத்தது. "என்னுடையதுதான்! யார் இல்லை என்றது? சரி, சரி. நான் இங்கேதானே நிற்கிறேன்! என் கண் முன்னால் யார் தொட்டுவிடுவார்கள்? வெயில் ஏறிவிட்டது. போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வா, போ!"

"வாக்குத்தானே?" என்றது செம்மூக்கி.

"வாக்குத்தான்."

"நானும் கேட்டேன்," என்றது நெடுஞ்செவி. "நீ ஏரிக்குப் போ. நான் இங்கே நிற்க முடியாது. நரி கண்ணில் பட்டால் நானும் குப்பைதான்."

செம்மூக்கி ஏரிக்குப் பறந்தது. நெடுஞ்செவி மேட்டுக்கு ஓடியது.

சுற்றிலும் புரட்டி முடித்துவிட்டு, பன்றிகள் கடைசியாக நடுத் திடலுக்கு வந்தன. முன்னால் வந்த கிழட்டுப் பன்றி சட்டென்று நின்றது. மூக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

"மேஸ்திரி, இது கல் இல்லை. உள்ளே சத்தம் கேட்கிறது."

"உன் வேலை கிழங்கு. இது என் வேலை. தள்ளு!"

"யாரோ குடியிருக்கிறார்கள், மேஸ்திரி. எங்கள் ஊரில் இப்படி இருந்தால் சுற்றிக்கொண்டு போவோம்."

நரி முட்டைகளைப் பார்த்தது. பிறகு நிமிர்ந்து கருங்கொம்பனைப் பார்த்தது. கூப்பிடு தூரம்தான். "அண்ணாச்சி! இதையும் அள்ளிவிடட்டுமா?" என்று உரக்கக் கேட்டது.

கருங்கொம்பன் அதைக் காதில் வாங்கியது. பார்த்தது. நரி எதைக் காட்டுகிறது என்று அதற்குத் தெரியும். வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஒரு தலையசைப்புப் போதும். நரி விலகியிருக்கும்.

கருங்கொம்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெண்மான்கள் வரும் திசையைப் பார்த்தது. கொம்பைப் பின்னால் சாய்த்து, மார்பை நிமிர்த்தி, நாளைக்கு நடக்க வேண்டிய நடையை நடந்து பார்த்தது.

செம்மூக்கி திரும்பி வந்தபோது வயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பள்ளம் இருந்த இடத்தில் கிளறிப்போட்ட மண் இருந்தது. மண்ணின் மேல் ஓடுகள் கிடந்தன. செம்மூக்கி அந்த மண்ணின் மேல் உட்கார்ந்தது. உடனே எழுந்தது. மறுபடியும் உட்கார்ந்தது.

"நான் மேஸ்திரியைத் தடுத்தேன், தாயி," என்றது கிழட்டுப் பன்றி. "மேஸ்திரி அவரைக் கேட்டார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இனி இந்தத் திடல் கிழங்கு எனக்குத் தொண்டையில் இறங்காது." அது தன் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு மலைப் பக்கம் நடந்தது.

செம்மூக்கி கருங்கொம்பனின் முகத்துக்கு நேராகப் பறந்து போய் நின்றது.

"பார்த்தீர்களா, இல்லையா?"

"நான்... அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன்."

"பார்த்தீர்களா, இல்லையா?"

"என்ன பெரிய விஷயம்! நான்கு முட்டை! அடுத்த மாதம் வேறு முட்டை இட்டுக்கொள்!"

"யாரோடு?" என்று கேட்டது செம்மூக்கி.

கருங்கொம்பன் தரையை உதைத்தது. கோபத்தில் கத்தியது: "போ! திடல் சுத்தமாக இருக்கிறது. மறுபடியும் அசிங்கப்படுத்தாதே!"

மறுநாள் காலையில் பெண்மான்கள் வந்தன. திடலில் ஒரு புல் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒரு புதர் இல்லை. பனையோலையைக்கூடப் பன்றிகள் மண்ணுக்குள் புதைத்துவிட்டிருந்தன.

"அட! என்ன சுத்தம்!" என்றது ஒரு இளமான்.

கருங்கொம்பன் மார்பை நிமிர்த்தி நடந்தது.

மேலே செம்மூக்கி சுற்றிச் சுற்றிக் கத்தியது. "தங்காதீர்கள்! இங்கே தங்காதீர்கள்!"

மூத்த பெண்மான் தலையைத் தூக்கியது. "அந்தப் பறவை ஏன் இப்படிக் கத்துகிறது?"

"அதுவா? சண்டைக்காரப் பறவை. கண்டுகொள்ளாதீர்கள்," என்றது கருங்கொம்பன்.

"சண்டைக்காரப் பறவைதான்! என் முட்டையை நரிக்குக் கொடுத்தார்! தொடவிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பார்த்துக்கொண்டே கொடுத்தார்!"

"நரியா? இந்தத் திடலில் நரிக்கு என்ன வேலை?"

"இதோ, வந்துவிட்டேன், தாயி!" என்று ஒரு குரல் கேட்டது. நரி திடலின் நடுவில் நடந்து வந்தது. ஒளியவில்லை. பதுங்கவில்லை. சொந்த வீட்டுக்குள் வருவதுபோல் வந்து உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டது. "நான்தான் இந்தத் திடலுக்கு மேஸ்திரி. அண்ணாச்சி மேல் பழி போடாதீர்கள். தங்கமான முதலாளி. குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். தரையில் கிடப்பது எல்லாம் எனக்கு. வருஷம் முழுக்க. அதுதான் எங்கள் பேச்சு."

பெண்மான்கள் ஒன்றையொன்று நெருங்கி நின்றன. மூத்த பெண்மானின் வயிறு பெரிதாக இருந்தது. அது தரையைப் பார்த்தது. ஒளிந்துகொள்ள ஒரு பிடிப் புல் இல்லை. பிறகு நரியைப் பார்த்தது.

"எங்கள் குட்டிகளும் தரையில்தான் கிடக்கும். குட்டியைப் படுக்கவைத்துவிட்டுத்தான் நாங்கள் மேயப் போவோம். அது அசையாமல் கிடக்கும்."

"தெரியும், தாயி," என்றது நரி.

"டேய்!" கருங்கொம்பன் அலறியது. "குட்டிகளைப் பற்றி நான் பேசவே இல்லை!"

"முட்டையைப் பற்றியும் நீங்கள் பேசவில்லையே, அண்ணாச்சி! நான் கேட்டேன். நீங்கள் நடை பழகிக்கொண்டிருந்தீர்கள்."

மூத்த பெண்மான் திரும்பியது. கூட்டமும் அதனோடு திரும்பியது. கருங்கொம்பன் குறுக்கே ஓடி வந்து நின்றது.

"இருங்கள்! நரியைத் துரத்திவிடுகிறேன்! இப்போதே துரத்துகிறேன்!"

"நேற்றுத் துரத்தியிருக்கலாமே? நேற்றும் இதே கொம்புதானே உன் தலையில் இருந்தது?" என்றது மூத்த பெண்மான். "யாருக்கும் ஒரு தொல்லையும் தராமல் நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு தாய்க்கு நீ செய்த காரியம் இது. எங்களுக்கு நல்லது செய்வாய் என்று நான் எப்படி நம்புவது? வழியை விடு!"

தெற்கே வேறொரு மானின் திடல் இருந்தது. அதற்கு ஒரு காது கிழிந்திருக்கும். கொம்பும் அவ்வளவு நீளம் இல்லை. அது தலையைத் தூக்கிக் காவல் நிற்க, நெடுஞ்செவியின் கூட்டம் அங்கே புல் செதுக்கிக்கொண்டிருந்தது. திடல் முழுக்கக் குடுமி குடுமியாகப் புல் நின்றது. பெண்மான்கள் அங்கே போய்த் தங்கின.

செம்மூக்கியும் அந்தப் பக்கம் பறந்தது. அதன் பிறகு கருங்கொம்பனின் திடலில், நரி வருகிறது என்று சொல்ல ஒரு குரலும் மிஞ்சவில்லை.

நரி மட்டும் தினமும் வந்தது. தன் உறவுக்காரர்களையும் கூட்டி வந்தது. எல்லாம் திடலின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். கருங்கொம்பன் கொம்பைக் காட்டினால் இரண்டடி பின்னால் போகும். கொம்பை எடுத்தால் மறுபடியும் வந்து உட்காரும்.

"எதற்கடா காத்திருக்கிறீர்கள்? இங்கேதான் ஒன்றும் இல்லையே!" என்று கருங்கொம்பன் கேட்டது.

"நீங்கள் எப்போதாவது படுப்பீர்கள்தானே, அண்ணாச்சி?" என்றது நரி.

அன்று முதல் கருங்கொம்பன் தன் திடலில் படுக்கவில்லை. கால் நடுங்க, கழுத்து வலிக்க, நின்றுகொண்டே இருந்தது.

இலவச வேலைக்கு ஆசைப்பட்டு அடுத்தவர் குஞ்சைக் கூலியாகக் கொடுப்பவனுக்கு, நாளைக்குத் தான் படுக்கும் இடமும் சொந்தமாக இருக்காது.